அப்பா திரும்பி வராத வீடு



மேடையில் பழைய வீட்டு அறை ஒன்று. உள்ளே வருகிறார்கள் இரண்டு மாமன்கள். இரட்டையர், ஒரே முகம், ஒரே உடை. நாற்காலி எங்கே இருந்தது, பெட்டி எங்கே இருந்தது என்று அவர்களுக்குள் தீராத வழக்கு. ஒருவர் கொண்டுவந்து வைத்ததை மற்றவர் தூக்கிக்கொண்டு போகிறார். மேடையிலேயே கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் நடிகர் அல்ல. நாடகத்தின் இயக்குநர், போலந்தின் ததேயுஷ் காந்தோர். 1980-இல் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் அரங்கேறிய அந்த நாடகத்துக்கு ‘வியெலோபோலே, வியெலோபோலே’ என்று பெயர். அப்போது காந்தோருக்கு வயது 65. வியெலோபோலே அவர் பிறந்த ஊர்.

1915-இல் அவர் பிறந்தபோது அந்தச் சிற்றூர் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கையில் இருந்தது. கத்தோலிக்கரும் யூதரும் கலந்து வாழ்ந்த ஊர். தேவாலயமும் உண்டு, யூதர்களின் தொழுகைக்கூடமும் உண்டு. அம்மா வழி உறவினரான பங்குச்சாமியார் ஒருவரின் வீட்டில்தான் காந்தோர் வளர்ந்தார். பள்ளி ஆசிரியரான அப்பா முதல் உலகப் போருக்குப் போனார். போரில் அவர் சாகவில்லை. ஆனால் மனைவி மக்களிடம் திரும்பவும் இல்லை. 1942-இல் ஆஷ்விட்ஸ் முகாமில் அவர் உயிர் போனது.

உயிரோடு இருந்தும் வராத அப்பாவை ஒரு பிள்ளை எப்படி நினைவில் வைத்துக்கொள்ளும்? பெரும்பாலும் புகைப்படமாகத்தான். காந்தோரின் நாடகத்தில் அப்பா சிப்பாய் உடுப்போடு, செத்தவராகவே வருகிறார். அந்த நிலையில்தான் அவருக்கும் அம்மாவுக்கும் சாமியார் திருமணம் செய்து வைக்கிறார். போருக்குப் புறப்படும் சிப்பாய்களைப் படம் எடுக்க ஒரு பெண் கேமராவோடு வருகிறாள். அவர்கள் அசையாமல் நிற்க, அந்தக் கேமராவே இயந்திரத் துப்பாக்கியாகிறது. ஒரு குடும்பத்தின் துக்கமும் ஐரோப்பாவின் போரும் அந்த ஒரே பொருளில் வந்து சேர்ந்துவிடுகின்றன. காந்தோரின் மேதைமைக்குச் சான்று கேட்டால் இந்த ஒரு காட்சியே போதும்.

இதைப் பழைய ஊரை நினைத்து ஏங்கும் நாடகம் என்று சொல்லிவிட முடியாது. ஏக்கம் கொண்டவர்கள் அந்த வீட்டை மெருகேற்றிக் காட்டுவார்கள். காந்தோரோ அதை முழுதாக எழுப்பவே முடியாது என்பதைக் காட்டினார். நினைவு தடுக்கும் இடத்தில் காட்சியும் தடுக்கும்; சொன்னதையே சொல்லும், செய்ததையே செய்யும். அதனால்தான் மாமன்களின் அந்த வழக்குக்கு நாடகத்தில் அவ்வளவு இடம்.

இந்த வழிக்கு அவர் வந்து சேர்ந்தது தாமதமாகத்தான். கிராக்கூவ் நகரில் ஓவியம் படித்தவர் அவர். நாஜி ஆக்கிரமிப்பின்போது, 1944-இல், ஒடிசியஸ் ஊர் திரும்பும் கதையை ரகசியமாக நடத்திக் காட்டினார். 1955-இல் ‘கிரிக்கோ 2’ என்ற குழுவைத் தொடங்கினார். உலகம் அவரைத் திரும்பிப் பார்த்ததோ 1975-இல், ‘செத்த வகுப்பு’ நாடகத்துக்குப் பிறகு. கிராக்கூவில் ஒரு பழைய கட்டடத்தின் நிலவறைதான் அரங்கம். கறுப்பு உடையில் முதியவர்கள் பள்ளிக்கூட பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். எழுந்து போய்த் திரும்பும்போது ஆளுக்கொரு பொம்மையைச் சுமந்து வருகிறார்கள். அந்தப் பொம்மை வேறு யாருமல்ல, பள்ளிக்கூடம் போன வயதில் இருந்த அவர்களேதான். முதுகு வளைய அதைத் தூக்கி நடக்கிறார்கள். இறக்கி வைக்க வழி தெரியவில்லை. வாத்தியார் கேள்வி கேட்டால் பாடங்கள் குழம்பி வருகின்றன, புராணமும் சரித்திரமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. ஊரின் பெயரோ சொந்தக்காரர்களின் பெயரோ இதில் இல்லை. ஐந்து ஆண்டு கழித்துத்தான் அம்மா, அப்பா, மாமன், சாமியார் என்று சொந்த வீட்டாரையே அவர் மேடைக்கு அழைத்தார்.

அதன் பிறகு அவர்களை விட அவருக்கு மனமில்லை. 1983-இல் நாடகத்தை வியெலோபோலேவுக்கே கொண்டுபோய், ஊர்த் தேவாலயத்தில் நடத்தினார். கடைசி நாடகமான ‘இன்று என் பிறந்தநாள்’ மேடையிலும் குடும்பம் மறுபடி மேஜையைச் சுற்றிக் கூடுகிறது. அதன் ஒத்திகைகள் நடந்துகொண்டிருந்தபோதே, 1990 டிசம்பரில், காந்தோர் காலமானார். அடுத்த மாதமே பிரான்சின் துலூஸ் நகரில் நடிகர்கள் அதை அரங்கேற்றினார்கள்.