இரா. செழியன் எடுத்து வைத்த பிரதி

இன்று பட்டம் வாங்கும் பிள்ளைகளே, பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து விடிகாலையிலேயே பொன்னேரிக்குக் கிளம்பி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய் தகப்பன்மார்களே!

வாழ்நாளெல்லாம் தணிக்கைத் துறையில் வேலை பார்த்தவனைப் பேசக் கூப்பிட்டால் அவன் கணக்கைப் பற்றித்தான் பேசுவான். இன்று பேசப்போவதும் ஒரு கணக்குக்காரரைப் பற்றித்தான். அவர் தணிக்கை அதிகாரி அல்ல, நாடாளுமன்ற உறுப்பினர். பெயர் இரா. செழியன். உங்களில் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள் என்பதே எனக்கு வருத்தம்.

நாகப்பட்டினம் பக்கத்துத் திருக்கண்ணபுரத்துக்காரர். 1923 ஏப்ரல் 28இல் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் சீனிவாசன். அண்ணன் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், தம்பி செழியன் ஆனார். அண்ணனைத் தமிழ்நாடு ‘நாவலர்’ என்று கொண்டாடியது. அமைச்சர் பதவிகளும் அவரைத் தேடி வந்தன. தம்பி கடைசிவரை அமைச்சராகவே இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது கணிதம். 1940களின் சிதம்பரம் மேடைப் பேச்சுக்குப் பேர்போன இடம். திராவிட இயக்கத்தின் பெரிய பேச்சாளர்கள் பலர் அந்த வளாகத்திலிருந்து வந்தவர்கள். அந்தச் சூழலில் இருந்துகொண்டே ஒருவர் கணக்குப் போடக் கற்றுக்கொண்டு வெளியே வந்தார். அவர் பின்னாளில் செய்ததெல்லாம் அந்தப் படிப்பிலிருந்துதான் கிளைத்தது என்று எனக்குத் தோன்றும்.

1962இல் தி.மு.க. மக்களவைக்கு அனுப்பிய ஏழு பேரில் அவரும் ஒருவர். தொகுதி பெரம்பலூர். 1967இலும் 1971இலும் கும்பகோணத்திலிருந்து வென்றார். பிறகு 1978 முதல் 1984 வரை மாநிலங்களவை. ஏழு பேர் கொண்ட கட்சி டெல்லியில் குரல் உயர்த்தினால் யார் கேட்பார்கள்? செழியன் வேறு வழி பார்த்தார். நிதிநிலை அறிக்கையைப் படித்தார், அவை விதிகளைப் படித்தார், பழைய விவாதங்களைப் படித்தார். எழுந்தால் பக்க எண்ணோடு பேசினார். ஆளுங்கட்சிக்காரர்களும் அவர் பேசும்போது கவனித்துக் கேட்டார்கள்.

பொதுக் கணக்குக் குழு என்று ஒன்று நாடாளுமன்றத்தில் உண்டு. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர். எங்கள் துறை எழுதும் தணிக்கை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இந்தப் பணம் எங்கே போனது?’ என்று துறைச் செயலாளர்களை உட்கார வைத்துக் கேட்கிற இடம் அது. 1967இலிருந்து அதன் தலைவர் பதவியை எதிர்க்கட்சிக்குக் கொடுக்கும் வழக்கம் வந்தது. மினூ மசானி, வாஜ்பாய் ஆகியோருக்கு அடுத்து, 1971 முதல் 1973 வரை அந்த நாற்காலியில் செழியன் இருந்தார். அங்கே கேமரா கிடையாது, கைதட்டல் கிடையாது. மாதக்கணக்கில் கோப்பு படிக்க வேண்டும். எங்களைப் போன்றவர்கள் எழுதுவதை வரி விடாமல் படிக்க டெல்லியில் ஆள் இருக்கிறார் என்ற நினைப்பே ஒரு தணிக்கையாளனை நேராக நிமிர்ந்து உட்கார வைக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் ஒரு பதிவேட்டைக் கேட்டேன். மழையில் நனைந்து வீணாகிவிட்டது என்றார்கள். அந்த ஆண்டுப் பதிவேடு மட்டும் நனைந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டும் அடுத்த ஆண்டும் அதே அலமாரியில் காய்ந்து கிடந்தன. என் மேலதிகாரி, “போய் வேறு எங்கே நகல் இருக்கும் என்று பார், தம்பி” என்றார். கருவூலத்தில் இருந்தது. அன்றிலிருந்து எங்கே போனாலும் இன்னொரு பிரதி எங்கே இருக்கும் என்று தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. செழியன் மேல் எனக்கு இத்தனை பற்று வந்த காரணமும் ஒரு பிரதிதான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. அடுத்து கூடிய நாடாளுமன்றத்தில் கேள்வி நேரமே இல்லை. 1976 ஜனவரி 31இல் தமிழ்நாட்டு அரசு கலைக்கப்பட்டது. 1977இல் ஆட்சி மாறியதும், நடந்ததை விசாரிக்க ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். 1978 மார்ச், ஏப்ரல், ஆகஸ்ட் என்று மூன்று பகுதிகளாக அறிக்கை வந்தது. மிசா சட்டத்தில் 34,988 பேர், இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 75,818 பேர், ஆக 1,10,806 பேர் பிடித்து வைக்கப்பட்டார்கள் என்று அது தலை எண்ணிச் சொன்னது. எந்த உத்தரவு யார் வாயிலிருந்து வந்தது, எந்த அதிகாரி மறுக்காமல் கையெழுத்திட்டார் என்பதையும் சாட்சியங்களோடு எழுதியது.

1980இல் ஆட்சி மீண்டும் மாறியது. அதன்பின் அந்த அறிக்கை புழக்கத்திலிருந்தே மறைந்தது. நாட்டின் வரலாற்றில் இருபத்தொரு மாதங்களைப் பற்றிய அரசாங்க ஆவணம் தேடினாலும் எளிதில் கிடைக்காத பொருளாகிவிட்டது.

செழியனிடம் அவருடைய பிரதி இருந்தது. உறுப்பினர்களுக்கு வரும் கட்டுக்கட்டான தாள்களைப் பாதுகாத்து வைப்பது அவர் வழக்கம். மூன்று பகுதிகளையும் சேர்த்து, தாமே முன்னுரை எழுதி, 2010இல் சென்னை ஆழி பதிப்பகத்தின் வழியாக ஒரே நூலாக வெளியிட்டார். ‘தொலைந்ததும் மீட்டதும்’ என்ற பொருளில் ஆங்கிலத் தலைப்பு. அப்போது அவருக்கு 87 வயது. கட்சி இல்லை, பதவி இல்லை. அந்த வயதில் ஒரு மனிதர் மேசை முன்னால் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு மெய்ப்புத் திருத்துவதை நினைத்துப் பாருங்கள்.

செழியனும் மிதவாதிதான். நம் ஊரில் மிதவாதி என்றால், ‘அவர் சாதுப்பா’ என்று ஒதுக்கிவிடுவார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். செழியன் தம்மைப் போன்ற நாடாளுமன்றவாதிகளையே பகைத்துக்கொள்ளத் துணிந்தவர். 1993 டிசம்பரில் நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி வந்தது. இன்று அது ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். பல கட்சிகளும் வரவேற்ற திட்டம். செலவைச் சரிபார்க்க வேண்டியவரே செலவு செய்யத் தொடங்கினால் யார் சரிபார்ப்பது என்று கேட்டு அவர் தனி நூலே எழுதினார். குரலை உயர்த்தவில்லை, கேள்வியைத் திரும்பப் பெறவும் இல்லை.

இதையெல்லாம் பழவேற்காடு ஏரிக்கரைப் பிள்ளைகளிடம் ஏன் சொல்ல வேண்டும்? உங்களுக்கு இது புதிதல்ல. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் மூன்றிலும் பாடு முறை இருக்கிறது. எந்தத் தலைக்கட்டு எந்த நாளில் எந்தப் பாட்டில், அதாவது எந்த மீன்பிடி இடத்தில், சுத்து வலை கட்டலாம் என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்கிறது. முகத்துவாரத்துக்குப் பக்கத்துப் பாட்டில் இறால் அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். வலுத்தவனே தினமும் அங்கே போய்விடாதபடி முறை காக்கிறது. இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியில் தலைமுறை தலைமுறையாக மீன்பிடி நடக்கும் ஒழுங்கு இது. கடலோரம் பற்றி எழுதும் ஆய்வாளர்கள் இதை வியந்து பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆனால் ஏரியின் தலைவிதி இப்போது ஊர்க்கூட்டத்தில் மட்டும் முடிவாவதில்லை. பக்கத்து எண்ணூரைப் பாருங்கள். 1996இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் அங்கே கழிமுகம் இருந்தது. பிற்பாடு புழக்கத்துக்கு வந்த வரைபடத்தில் கழிமுகத்தையே காணோம். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுத்தான் பழைய வரைபடத்தை வெளியே கொண்டுவந்தார்கள், மீனவர்களும் அவர்களோடு நின்றவர்களும். ஷா அறிக்கையின் கதைதான் இது, நம் வாசலில் நடந்தது.

பக்கத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரியில் குறித்த பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில் குறித்ததும் தள்ளிப்போனது. இனி எந்தத் திட்டத்துக்கு எப்போது கூட்டம் வந்தாலும், 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி உங்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு. ஆட்சியர் அலுவலகத்தில் வரைவு அறிக்கை இருக்க வேண்டும், தமிழில் சுருக்கமும் இருக்க வேண்டும். உங்கள் அப்பா கடலுக்குப் போயிருப்பார், அம்மா இறால் கூடையோடு சந்தையில் இருப்பார். போய் வாங்க வேண்டியவர்கள் நீங்கள்தான். உங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நீங்கள் என்றால், வீட்டுக்கு வரும் முதல் ஆவணமும் உங்கள் கையால் வரட்டும். வாங்கியதை வீட்டில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டுங்கள். பாடு இருக்கும் இடமும் முகத்துவாரமும் அதில் இருக்கின்றனவா என்று பெரியவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்.

செழியன் 2017 ஜூன் 6இல், 94 வயதில் மறைந்தார். அவர் மீட்ட அறிக்கை இன்று நூலாக இருக்கிறது. இந்தக் கல்லூரி நூலகத்துக்கு ஒரு பிரதி கொண்டுவந்திருக்கிறேன், நூலகரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

இன்னும் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கருத்துக் கேட்புக் கூட்டம் முடிகிறபோது, அங்கே பேசியதன் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும், அதன்பிறகுதான் ஆட்சியரோ அவர் பிரதிநிதியோ கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அதற்குள் இருட்டிவிடும், கூட்டம் கலைந்துவிடும், பேருந்துக்கு நேரமாகிவிடும். நீங்கள் இருங்கள். வாசித்து முடித்ததும் ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.