உடன் படித்தவர்களும் படிப்பித்தவர்களும்



காலையில் 'ஹிந்து' பத்திரிகையைப் பிரித்ததும், தலையங்கத்தைப் பார்ப்பதற்கு முன்பாகவே மரண அறிவிப்புகள் வெளியாகும் பத்தியின் மேல் என் பார்வை போய்விடுகிறது என்று வீட்டிலுள்ள சிறுவர்கள் பரிகாசம் செய்வதுண்டு. அறுபது வயதைக் கடந்தவர்கள் பலருக்கும் உள்ள வழக்கந்தான் இது. ஆனால் அந்தப் பத்தியில் அச்சாகியிருப்பது ஒன்று, நாங்கள் வாசிப்பது வேறொன்று. ஓய்வுபெற்ற எக்ஸிக்யூடிவ் இன்ஜினீயர், புத்திர பௌத்திரர்களை விட்டுச் சிவபதம் அடைந்தார் என்று இரண்டு வரி இருக்கும். எங்கள் கண்ணுக்குப் புலப்படுவதோ, ஐந்தாவது பாரத்தில் பூகோளப் படம் வரையும்போது கோதாவரிக்குத் தெற்கே கிருஷ்ணாவை வைக்காமல் வடக்கே வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் பெஞ்சின் மேல் நின்ற கட்டைக் குடுமிப் பையன்.

பந்துக்களில் ஒருவர் காலமானால் இன்னாருக்கு இத்தனை நாள் தீட்டு, இன்னின்ன சடங்கு என்று சாஸ்திரம் வகுத்து வைத்திருக்கிறது. துக்கம் உண்டோ இல்லையோ, அதற்கென்று ஒரு காரியம் இருப்பதனால் மனம் ஒருவாறு ஆறுதல் அடைகிறது. ஹைஸ்கூலில் உடன் படித்தவன் இறந்தாலோ ஒரு முழுக்குக்கூட நமக்கு விதிக்கப்படவில்லை. ஆசாரியன் மறைவுக்கு மூன்று நாள் ஆசௌசம் சொல்லியிருக்கிறார்கள் என்பது மெய்யே; ஆயினும் அது வேதம் ஓதுவித்த ஆசாரியனைக் குறித்ததேயன்றி, ஆல்ஜீப்ரா சொல்லிக் கொடுத்த வாத்தியாரைக் குறித்ததாகாது என்று வைதிகர்கள் வாதிக்கக் கூடும். மாளய பக்ஷத்தில் காருண்ய பித்ருக்கள் என்ற வரிசையில் குருவையும் சிநேகிதனையும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது, என் ஹைஸ்கூல் கோஷ்டி முழுவதையும் அந்த இரண்டு வார்த்தைகளுக்குள் அடக்கிக்கொள்கிறேன். அந்தக் கோஷ்டியில் ஒரு ராவுத்தர் வீட்டுப் பிள்ளையும், நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று தவறாமல் மெழுகுவத்தி ஏற்றப் போய்க்கொண்டிருந்த ஒரு கிறிஸ்தவ நண்பனும் உண்டு. அவர்கள் ஆட்சேபிக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஒரு மனிதன் பெரியவனான பிறகு அவனுக்கு மனைவி வாய்க்கிறாள், மக்கள் பிறக்கிறார்கள், உத்தியோகமும் அந்தஸ்தும் சேருகின்றன. அவர்கள் எல்லாரும் அறிந்தது அந்தப் பெரியவனை. அவனைப் பன்னிரண்டு வயதில் அறிந்திருந்த பெற்றோர்கள் அவனுக்கு முன்பே போய்விடுகிறார்கள். எஞ்சியிருக்கும் சாட்சிகள் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் மாத்திரமே. அந்தப் பையன் எப்படி இருந்தான் என்று சொல்லக்கூடியவர்கள் சொல்லாமல் போய்விட்டால், அவன் இரண்டாம் முறையும் இறந்தவனாகிறான்.

கணித மேதை ராமானுஜன் விஷயத்தில் இந்த உண்மை நன்கு விளங்கும். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்த அவர் 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி, முப்பத்திரண்டாவது வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். அவருடைய நோட்டுப் புத்தகங்களைப் பற்றி இங்கிலாந்து தேசத்துப் பேராசிரியர்கள் எழுதினார்கள். ஆனால் டவுன் ஹைஸ்கூல் பையனைப் பற்றி அவர்கள் என்ன எழுத முடியும்? சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்த பி. கே. ஸ்ரீநிவாசன் என்பவர், உயிரோடிருந்த பழைய நண்பர்களையும் பள்ளித் தோழர்களையும் தேடிப் பிடித்து, அவர்களுடைய ஞாபகங்களைக் கடிதங்களோடு சேர்த்து 1968-ல் ஒரு மலராகக் கொண்டுவந்தார். ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் செய்த காரியம் அது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அந்தத் தோழர்களின் நினைவிலிருந்து நமக்குக் கிடைத்த ஒரு கணக்கு உண்டு. மேல் வகுப்பு மாணவன் ஒருவன் ராமானுஜனை மடக்க எண்ணிப் போட்டது அது. இரண்டு எண்கள், முதல் எண்ணின் வர்க்கமூலத்தோடு இரண்டாவதைக் கூட்டினால் 7, முதல் எண்ணோடு இரண்டாவதன் வர்க்கமூலத்தைக் கூட்டினால் 11, அவ்வெண்கள் யாவை? கேட்டவன் வாய் மூடுவதற்குள் 9, 4 என்று விடை வந்துவிட்டதாம். கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்கள் மனத்துக்குள்ளேயே சரிபார்த்துக்கொள்ளலாம்: ஒன்பதின் மூலம் மூன்று, நாலோடு சேர்ந்து ஏழு; நாலின் மூலம் இரண்டு, ஒன்பதோடு சேர்ந்து பதினொன்று. இந்தச் சிறு சம்பவம் எந்த நோட்டுப் புத்தகத்திலும் இல்லை. கூடப் படித்தவர்களின் ஞாபகத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் தங்கியிருந்துதான் அச்சேறியது.

என் சகபாடிகளில் ராமானுஜன் எவனும் இல்லை. எங்களில் முதலில் போனவன் ஆறாவது பாரத்தில், பொதுப் பரீட்சைக்குப் பணம் கட்டின பிறகு, விஷஜுரத்தில் போனான். அக்காலத்தில் அந்த ஜுரம் வந்தால் வாரக் கணக்கில் கஞ்சித் தண்ணீரும் தெய்வப் பிரார்த்தனையும் அன்றி வேறு வைத்தியம் கிடையாது. அதைத் தீர்க்கும் குளோராம்பெனிகால் என்னும் மருந்து உலகத்துக்கு வந்ததே 1940-களின் கடைசியில். பரீட்சை முடிந்து நாங்கள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் வாங்கப் போயிருந்த அன்றைக்கு, அந்தப் பையனுடைய தகப்பனாரும் வந்து ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நின்றார். பரீட்சை எழுதாதவனுக்குப் புத்தகம் எதற்கு என்று குமாஸ்தா கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. ஹெட்மாஸ்டர் பீரோவைத் திறக்கச் சொல்லி, தாமே எடுத்துக் கொடுத்தார்.

பல வருஷங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் அதை நான் பார்த்தேன். ஜாதகக் கட்டோடு மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்து மார்க்குகள் சிவப்பும் நீலமுமாக நிரம்பியிருக்க, பொதுப் பரீட்சைக்குரிய பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது. அங்க அடையாளம் என்ற இடத்தில், வலது முழங்கைக்குக் கீழ் ஒரு மச்சம் என்று குமாஸ்தாவின் கையெழுத்து. பிறந்த தேதி வழக்கம்போல் ஹெட்மாஸ்டர் நிச்சயித்தது. எங்களில் பாதிப் பேருக்கு ஜூலை மாதத்தில் பிறந்த நாள் வந்த காரணம் அதுவே.

ஆசிரியர்களை நினைக்கும் விஷயத்தில் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாத ஐயரவர்களை மிஞ்சியவர் எவருமில்லை. தம் குருநாதர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-ல் காலமாகி ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னர், 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் அவருடைய சரித்திரத்தை இரண்டு பாகங்களாக ஐயரவர்கள் வெளியிட்டார்கள். குருவை மட்டுமா மறக்கவில்லை? அந்திம வேளையில் பிள்ளையவர்களின் தேகத்தைத் தாங்கிக்கொண்டிருந்த சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவ மாணாக்கரையும் தம் சுயசரிதத்தில் நிலைநிறுத்தியிருக்கிறார்கள். கும்பகோணம் காலேஜில் தமது ஸ்தானத்தை 1880-ல் ஐயரவர்களுக்கு வாங்கிக் கொடுத்த தியாகராச செட்டியாரின் பெயரைத் திருவல்லிக்கேணியில் தாம் வாங்கிய வீட்டுக்கே வைத்தார்கள். சொந்த வீட்டுக்குத் தகப்பனார் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ வைப்பது உலக வழக்கமாயிருக்க, உத்தியோகம் வாங்கித் தந்தவர் பெயரை வைத்தவர்கள் எத்தனை பேர்?

நம்மால் சரித்திரம் எழுதவும் முடியாது, வீடு வாங்கவும் பலருக்கு முடியாது. ஆகையால் இரங்கற் கூட்டம் போடுகிறோம். பழைய மாணவர் சங்கங்களின் இரங்கற் கூட்டங்களில் நான் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். அங்கே பேசப்படும் ஆசிரியர் கோபமே அறியாதவராகவும், மாணவர்களைப் பெற்ற பிள்ளைகளாகப் பாவித்தவராகவும், தூய வெண்ணிற ஆடை உடுத்தவராகவும் இருப்பார். பெயரை மாற்றிவிட்டால் அதே பிரசங்கம் அடுத்த ஆசிரியருக்கும் பொருந்தும். இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லலாகாது என்ற நியாயம் நல்லதுதான்; ஆனால் குறையை எடுத்துவிடும்போது ஆளையும் சேர்த்து எடுத்துவிடுகிறோம் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் கணக்கு வாத்தியார் கோபிஷ்டர். பஞ்சகச்சம், மூடின கழுத்துக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை. கோட்டின் வலது பையில் சாக்குக் கட்டி, இடது பையில் பட்டணம் பொடி. இரண்டு கையையும் மாற்றி விட்டுக்கொண்டு, சாக்குப் பொடியை மூக்கில் வைத்துத் தும்மிய நாள் ஒன்று உண்டு. அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லாரும் புளியம் விளாறால் அடிவாங்கினார்கள். தேற்றத்தை நிரூபித்து முடித்ததும் 'ஆகவே' என்று ஒரு சொல்லைச் சொல்லி நிறுத்துவார். அந்த ஒரு சொல்லில் வெற்றியும், எங்கள் மேல் சந்தேகமும், மணி அடிக்கப் போகிறது என்ற கவலையும் ஒருங்கே ஒலிக்கும். 1939-ல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கிய நாளிலிருந்து எத்தனையோ வித்துவான்களின் குரல்கள் காற்றில் வந்து நம் வீடுகளை அடைந்திருக்கின்றன. அந்த 'ஆகவே'யை ஒருவரும் பதிவு செய்து வைக்கவில்லை. தமிழ்ப் பண்டிதரோ நேர் விரோதம். மற்ற ஆசிரியர்களை விடக் குறைந்த சம்பளமும், கடைசி நாற்காலியுமே அக்காலத்துப் பண்டிதர்களுக்குக் கிடைத்தவை. அவர் வகுப்பில் நாங்கள் செய்த அட்டகாசத்தைக் கண்டும் காணாதவர்போல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கம்பராமாயணம் சொல்லுவார். முன் பெஞ்சில் கேட்டவர்கள் இரண்டு மூன்று பேர். அவர்களில் ஒருவன் பிற்காலத்தில் தமிழாசிரியனாகி, அதே ஜன்னலைப் பார்க்கும் வழக்கத்தையும் சேர்த்து வரித்துக்கொண்டான் என்று அவனுடைய மாணாக்கர்கள் எனக்குச் சொன்னார்கள்.

சென்ற வருஷம் கணக்கு வாத்தியாரின் பேரன், பாங்கியில் வேலை பார்ப்பவர், என்னைத் தேடிக்கொண்டு வந்தார். "சார், தாத்தா ரொம்ப சாது, அதிர்ந்துகூடப் பேச மாட்டார் என்று அப்பா சொல்லுவார். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். நீங்கள் அவரிடம் படித்தீர்களாமே?" என்றார். சுவரில் மாலை போட்டிருக்கும் படத்தைத் தவிர அவருக்குத் தாத்தாவைத் தெரியாது. சற்று யோசித்து, பொடி விஷயத்தையும் புளியம் விளாறையும் சொன்னேன். பேரனுக்கு முகம் சுருங்குமோ என்று பார்த்தால், அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தத் தும்மலை இரண்டு முறை நடித்துக் காட்டும்படி ஆயிற்று. 'ஆகவே' என்பதை அவர் எந்த ஸ்தாயியில் சொல்லுவார் என்று கேட்டு, அதையும் சொல்லிப் பார்த்தார். முதல் தடவையிலேயே பாதி சரியாக வந்துவிட்டது. குழந்தைகளுக்கும் சொல்லவேண்டும், இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

"இருக்கிறது, தம்பி. ஆனால் மாயவரத்தில் என் சிநேகிதன் ஒருவன் இருக்கிறான். அவனிடம் போய்க் கேளுங்கள். உங்கள் தாத்தாவிடம் என்னைக் காட்டிலும் அதிகமாக அடிவாங்கினவன் அவன்" என்று சொல்லி, விலாசம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டு வந்ததாகக் கடிதம் போட்டிருந்தார்.