மரத்தில் ஒரு கடிகாரம்

பெரட்டு மணிக்கு எழுந்து பழகிய நமக்கு நேரத்தின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தைக் காட்டும் கடிகாரத்தை நம் கையாலேயே மரத்தில் செய்யலாம்.

இங்கிலாந்தில் 1693-ஆம் ஆண்டு பிறந்த ஜான் ஹாரிசன் ஒரு தச்சரின் மகன். பெரிய பள்ளிப் படிப்பு இல்லாதவர். 1713-ஆம் ஆண்டிலேயே மரத்தில் பல்சக்கரம் அறுத்துக் கடிகாரம் செய்தார். பிற்காலத்தில், கப்பல்கள் கடலில் தம் இடத்தை அறிய உதவும் கடிகாரத்தைச் செய்தவரும் அவரே. அவற்றுள் மூன்றாவதற்கு மட்டும் 19 ஆண்டுகள் உழைத்தார்.

நமக்கு ஒட்டுப்பலகை, சிறு வாள், அரம், கயிற்றில் தொங்கவிட ஓர் எடைக்கல் போதும். ஏறக்குறைய 99 சென்டிமீட்டர் நீளமுள்ள ஊசல் ஒருமுறை போய்வர இரண்டு விநாடி ஆகும். அதற்குள் 30 பல் சக்கரம் ஒரு பல் நகரும். நிமிடத்திற்கு ஒரு சுற்று. நிமிட முள்ளோ மணிக்கு ஒரு சுற்றுத்தான் சுற்ற வேண்டும். அதற்கு 64 பல்லுக்கு 8 பல், 60 பல்லுக்கு 8 பல் என இரண்டு இணைகள் வைக்கிறோம். எட்டை ஏழரையால் பெருக்குங்கள், அறுபது!

மழைக்காலத்தில் மரம் ஊதும். ஆகவே பற்களுக்கிடையே சிறிது இடைவெளி விட்டு, வார்னிஷ் பூசுங்கள்.

பெற்றோர்களே, கணக்கு வராது என்று ஒதுங்கும் பிள்ளையிடம் இவ்வேலையைக் கொடுங்கள். வாரம் ஒரு சக்கரம் போதும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். ஊசல் ஆடத் தொடங்கும் நாளில், பின்னக் கணக்கு அந்தப் பிள்ளையின் கைக்குள் வந்திருக்கும்.