முகம் இல்லாத தன்னுருவம்

ஓவியர் ஒருவர் தம்மையே பொருளாகக் கொண்டு தீட்டுவது தன்னுருவ ஓவியம் எனப்படும். அவ்வாறு தீட்டும்போது கண்ணாடியில் தெரியும் சாயலை முதன்மையாகக் கொள்ளாமல், தம் வாழ்வோடு ஒட்டிய பொருள், விலங்கு, மரம், நிறம், எழுத்து ஆகியவற்றுள் ஒன்றைத் தமக்கு ஈடாக நிறுத்துவாரானால், அது குறியீட்டுத் தன்னுருவம் ஆகிறது. 1888ஆம் ஆண்டு பிரான்சின் ஆர்ல் நகரில் வின்சென்ட் வான் கோ தம் நாற்காலியைத் தீட்டினார். புல் பின்னிய இருக்கையின் மேல் புகைக்குழாயும் புகையிலைப் பொதியும் கிடக்க, அதில் அமர வேண்டிய ஆள் படத்தில் இல்லை. உடன் தங்கியிருந்த நண்பர் கோகனுக்கும் அவர் ஒரு நாற்காலி தீட்டினார். அதில் மெழுகுவத்தியும் நூல்களும் இருந்தன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு இருவர் குணமும் விளங்கிவிடுகிறது.

இத்தகைய ஓவியம் மேலைநாட்டிலிருந்து வந்து இறங்கிய புதுமை என்று கருதுவோர் உண்டு. சங்கம் வளர்த்த மதுரையில் அக்கருத்தை அப்படியே ஏற்பது கடினம். குறுந்தொகை, நற்றிணை முதலிய தொகைநூல்களில், இயற்பெயர் தெரியாத புலவர் சிலருக்கு, அவர்கள் பாட்டில் நின்ற உவமையே பெயராக அமைந்திருக்கிறது. பொருள் தேடும் கடமைக்கும் காதலியிடம் திரும்பும் ஆசைக்கும் இடையில் சிக்கிய உள்ளத்தை, இரு யானைகள் எதிரெதிரே இழுக்கும் தேய்ந்த பழங்கயிறாகக் கண்டவர் தேய்புரிப் பழங்கயிற்றினார் ஆனார். மூட்டிவிடுவாரும் விலக்கிவிடுவாரும் இல்லாமல் குப்பைமேட்டில் தாமே மோதித் தாமே ஓயும் கோழிகளின் சண்டையைக் காமநோய்க்கு உவமை ஆக்கியவர் குப்பைக்கோழியார். ஈரம் காய்வதற்குள் உழுதுவிடத் துடிக்கும் ஒற்றை ஏர்க்காரனைப் பாடியவர் ஓரேருழவர். ஆள் ஒழிந்த சிற்றூரின் முற்றத்தில் அணில் ஓடியாடுவதைத் தலைவன் பிரிந்த வீட்டுக்கு ஒப்பிட்டவர் அணிலாடு முன்றிலார்.

இப்பெயர்களைப் புலவர்கள் தமக்குத் தாமே சூட்டிக்கொள்ளவில்லை, பின்வந்தோர் சூட்டினர் என்று தடை எழுப்பலாம். அத்தடை நியாயமானதே, இலக்கணப்படி இவை தன்னுருவங்கள் ஆகா. ஆயினும், ஆயிரம் பொருள்கள் நிறைந்த உலகில் அந்தக் கயிற்றையும் அந்தக் குப்பைக்கோழியையும் தேர்ந்தவர் புலவரே; ஊரும் குலமும் தொழிலும் கூறி ஒருவரை அடையாளப்படுத்தும் வழக்கம் ஓங்கியிருந்த சமூகம், அவை கிடைக்காதபோது, ஒருவர் கண்ட காட்சியே அவர் யார் என்று சொல்லப் போதுமானது என ஒப்புக்கொண்டது. நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றைத் தொல்காப்பியம் கருப்பொருள் என வகுக்கிறது. அவற்றின் இயக்கத்துக்குள் மனிதரின் நிலையை மறைத்துச் சொல்வதை உள்ளுறை உவமம் என்கிறது. குறியீட்டு ஓவியம் வரைய விரும்பும் தமிழ் மாணவருக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறொன்று தேவைப்படாது.

புலவர்கள் சொல்லால் செய்தது தூரிகையால் செய்யப்பட்டிருப்பதைப் பார்ப்பதற்கு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்ல வேண்டும். பொற்றாமரைக் குளத்தை ஒட்டிய ஊஞ்சல் மண்டபத்தின் விதானத்தில், அதாவது மேற்கூரையின் உட்பரப்பில், நாயக்கர் கால ஓவியம் ஒன்று இருக்கிறது. அதில் இராணி மங்கம்மாள் மீனாட்சியம்மனின் செங்கோலைப் பெறுகிறார். 1689 முதல் 1706 வரை, பேரன் விஜயரங்க சொக்கநாதனின் சார்பில் மதுரை நாட்டை ஆண்ட அம்மையாருக்கு, ஆட்சியுரிமை தமக்கு எங்கிருந்து வந்தது என்ற வினாவுக்கு விடை தேவைப்பட்டிருக்கும். கணவர் வழியாகவோ பேரன் வழியாகவோ அந்த விடையைத் தேடாமல், பாண்டிய நாட்டைத் தானே ஆண்டவளாக மக்கள் நம்பும் ஒரு பெண் தெய்வத்தின் கையிலிருந்து அது வருவதாக அந்த ஓவியம் காட்டுகிறது. சித்திரைத் திருவிழாவில் அம்மனுக்கு முடிசூட்டிச் செங்கோல் அளிக்கும் பட்டாபிஷேகத்தை ஆண்டுதோறும் காணும் மதுரை மக்களுக்கு இக்குறியீட்டை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஓவியத்தைத் தீட்டிய கை வேறு, தீட்டச் செய்த மனம் வேறு; எனினும், தன்னைப் பற்றிய கற்பனையை ஓர் ஆட்சியாளர் இவ்வளவு துணிவாக அமைத்துக்கொண்டதற்கு இணையான இன்னொரு படம் இந்நகரில் உண்டா என்பது ஐயமே.

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபத்தில் அவருடைய சிலை கைகூப்பி நிற்கிறது. 1623 முதல் 1659 வரை ஆண்ட அம்மன்னரின் பருத்த உடலைச் சிற்பி மறைக்கவில்லை. உடலை உள்ளபடி காட்டி, கூப்பிய கையில் மட்டும் குறியீட்டை வைத்திருக்கிறார். அண்மைக்காலம் வரை அத்தூண்களுக்கு நடுவே தையல் எந்திரங்கள் ஓடின, பாடநூல்களும் பாத்திரங்களும் விற்றன; அரசர்களின் உருவங்கள் துணி தைக்க வந்தவர்களோடு முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் பழகிக்கொண்டன என்றும் சொல்லலாம். பிற்காலத்தில் மதுரையைச் சேர்ந்த ஓவியர் அழகிரி நாயுடு, மன்னர் சுவாதித் திருநாள் காலத்துத் திருவிதாங்கூருக்குச் சென்று புகழ்பெற்றார். அங்கும் ஓவியரின் கடமை பிறர் முகத்தைத் தீட்டுவதாகவே இருந்தது.

மதுரையில் நிகழ்ந்த மிகப் பெரிய தன்னுருவம் திரையிலோ சுவரிலோ தீட்டப்பட்டதன்று. 1921 செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதியில் தங்கியிருந்த மோகன்தாஸ் காந்தி, அதுவரை அணிந்த உடையை விடுத்து இடையில் ஒரு முழத்துண்டு மட்டும் கட்டிக்கொண்டார். அயல்துணியை விலக்கச் சொல்லும் இயக்கம், கதர் வாங்க வகையற்ற ஏழைகளிடம் என்ன சொல்ல முடியும் என்ற இக்கட்டுக்கு அவர் தம் உடலையே விடையாக்கினார். இலண்டனில் பாரிஸ்டர் கோட்டும், தென்னாப்பிரிக்காவில் தொழிலாளர் உடையும், நாடு திரும்பியபின் கத்தியவார் தலைப்பாகையும் அணிந்த ஒருவர், தாம் யார் என்பதைப் பலமுறை திருத்தி எழுதிப் பார்த்து, மதுரையில் அதை முடித்தார் எனலாம். அதன்பின் முகம் தேவையற்றுப் போயிற்று: 1930இல் நந்தலால் போஸ் செதுக்கிய லினோ அச்சில் ஒரு கோலும் நடையும் போதுமாக இருந்தன, காந்தி நூற்றாண்டு விழாவையொட்டி ஓவியர் ஆதிமூலம் வரைந்த கோட்டோவியங்களில் சில வளைவுகளே அவரைக் கொண்டுவந்து நிறுத்தின. மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகத்தில், காந்தி கொல்லப்பட்டபோது உடுத்தியிருந்த குருதி தோய்ந்த துணி இருக்கிறது. செங்கோலைக் குறியீடாகக் கொண்டவரின் மாளிகையில் துணியைக் குறியீடாகக் கொண்டவரின் நினைவுப்பொருள் வந்து சேர்ந்தது தற்செயலே. ஆனாலும் தன்னுருவம் பயில்வோர் அங்கே ஒரு பிற்பகலைச் செலவிடுவது வீண் போகாது.

குறியீடு எப்போதும் பொருந்திவிடுவதில்லை. ஹங்கேரியத் தாய்க்கும் சீக்கியத் தந்தைக்கும் 1913இல் புடாபெஸ்டில் பிறந்த அம்ரிதா ஷெர்கில், 1934இல் தம்மைத் தாகித்தித் தீவுப் பெண்ணாகத் தீட்டிக்கொண்டார். இடுப்புக்கு மேல் ஆடையற்ற உருவம், பின்னால் ஓர் ஆணின் நிழல். தாம் எந்த நாட்டவர் என்ற வினாவுக்கு மூன்றாவது நாடொன்றை விடையாக்கிய அப்படம் அழகானது. ஆயினும் அந்தத் தாகித்தி, கோகன் ஏற்கெனவே கற்பனை செய்து வைத்த தாகித்தி. இரவல் குறியீட்டை அணிந்தவரின் கூச்சம் அதில் தெரிவதே அதன் உண்மை போலும். 1939இல் மெக்சிகோவின் ஃபிரிதா காலோ வேறு வழியில் சென்று, தம்மையே இருவராகத் தீட்டினார்: ஐரோப்பிய வெள்ளை உடையில் ஒருத்தி, தெவானா என்னும் உள்ளூர் உடையில் மற்றொருத்தி, இருவர் இதயங்களையும் இணைக்கும் ஒரே இரத்தக்குழாய். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மறுப்பதும் ஓர் அடையாளமே என்று அந்தப் படம் நிற்கிறது.

மதுரைச் சமவெளியில் வளரும் ஒருவர் இன்று தன்னுருவம் தீட்ட உட்கார்ந்தால் முதலில் கைக்கு வருபவை கோபுரம், மல்லிகை, காளை, அல்லது திறந்த கூண்டிலிருந்து பறக்கும் பறவை. முதல் மூன்றும் பேருந்து நிலையச் சுவரொட்டிகள் தந்தவை. நான்காவது எவர் தந்தது என்று சொல்ல முடியாத அளவுக்குத் தேய்ந்தது. மல்லிகை தவறான குறியீடு என்று இதற்குப் பொருளில்லை. விடியுமுன் தோட்டத்தில் மொட்டுப் பறித்து, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை சரிந்த நாளில் கூடையோடு நின்ற குடும்பத்துப் பெண், மல்லிகையைத் தமக்கு ஈடாக வரைந்தால், அந்த மொட்டு விரிந்திருக்காது. வரைவதற்குமுன் அவர் அறிந்த விவரம் அது. அவ்வாறே, மணல் அள்ளிய குழியும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும் வைகைப் படுகையும், நீர் வராத கண்மாயின் மடையும், விளாச்சேரிப் பொம்மைக் கொட்டிலில் சாயம் பூசாமல் நிற்கும் களிமண் உருவமும், சுங்குடிச் சேலையில் முடிச்சை அவிழ்த்தபின் எஞ்சும் புள்ளியும், அவற்றோடு வாழ்ந்தவர் கையில் மட்டுமே கருப்பொருளாகும்.

இந்த இடத்தில் பள்ளிகளுக்கும் போட்டி நடத்தும் மன்றங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. படத்தோடு விளக்கக் குறிப்பு இணைக்க வேண்டும் என்ற விதி, மாணவர்களை விளக்க எளிதான குறியீடுகளை நோக்கியே தள்ளுகிறது. நடுவர் உடனே புரிந்துகொள்ளும் படம் பரிசு பெறுகிறது, கூண்டுப் பறவை மீண்டும் பறக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராயிருந்து 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர், ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையில் ஜாதகக் கட்டங்களையும் கணக்குக் குறிகளையும் எழுத்துகள் போன்ற கோடுகளையும் நிரப்பினார்; அந்த எழுத்துகளை எம்மொழியிலும் படிக்க இயலாது. அவர் ஓவியங்களின் முன் பொருள் கேட்காமல் நிற்கப் பழகிய நடுவர்கள், உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ வரும் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் படத்தின் முன்னும் அவ்வாறே சிறிது நேரம் நிற்கலாம். குறிப்புத்தாளை அடுத்த ஆண்டுப் போட்டியிலிருந்தே நீக்கிவிடலாம்.