பாலை நிலமும் ஐராவதிப் படுகையும்



நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தது தொல்காப்பியம். உணவும் தொழிலும் தெய்வமும் மரமும் பறையும் அந்நிலத்தின் கருப்பொருள்கள். மனித வாழ்வை நிலத்தோடு இணைத்துக் காணும் இப்பார்வை தமிழுக்குப் பழையது. ஆயினும் நிலம் மக்களின் தலைவிதி என்று தமிழ் மரபு கருதியதில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். நிலம் மாறக்கூடியது, அம்மாற்றத்திற்குக் காரணமும் உண்டு என்பதே இதன் பொருள்.

ஐரோப்பிய அறிஞர் சிலர் வேறு வகையாக எண்ணினர். வெப்ப நாட்டு மக்கள் இயல்பிலேயே ஊக்கம் குன்றியவர் என்று பிரெஞ்சு அறிஞர் மாந்தெஸ்கியு 1748இல் எழுதினார். 1915இல் அமெரிக்கரான எல்ஸ்வொர்த் ஹண்டிங்டன் தட்பவெப்பத்தைக் கொண்டே நாகரிகங்களைத் தரம் பிரித்தார். வெயில் மிகுந்த நாடுகளை வேற்றார் ஆள்வதற்கு இக்கருத்துகள் நல்ல சாக்காக அமைந்தன. அவை எத்துணைப் பிழையானவை என்பதை அறியத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. சாக்கோட்டையைச் சூழ்ந்த மண்ணே சான்று பகரும்.

1801ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. மருது சகோதரரை வெல்ல வந்த கர்னல் அக்னியூவின் படை, காரைக்குடிக்கு அருகிலுள்ள சிறுவயலில் தங்கியது. அங்கிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டி வழி அமைக்க முயன்றது. முள்ளும் புதரும் நிறைந்த அக்காடு மருதிருவருக்கு மதிலாக நின்றது. ஒரு மாத அளவு வெட்டியும் வழி முடியாமல், அம்முயற்சியைப் படை கைவிட்டது. பின்னர் வேறு வழியாகச் சென்றே அக்டோபர் முதல் நாள் காளையார்கோயிலைக் கைப்பற்றியது. மருதிருவரும் அம்மாதம் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். ஒரு தரப்பினருக்கு அரணாக விளங்கிய காடு, மறு தரப்பினருக்குத் தடையாகத் தோன்றியது. காடு ஒன்றுதான், கண்கள்தாம் வேறு.

இவ்வட்டாரத்தில் வற்றாத ஆறு இல்லை. ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர்; அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். செம்புறாங்கல் மண்ணில் நீர் நில்லாது. இந்நிலைக்கு மக்கள் கண்ட விடைகளே கண்மாயும் ஊருணியும். கண்மாய் வயலுக்கு, ஊருணி குடிநீருக்கு. ஊருணியில் கால் கழுவுவதும் துணி துவைப்பதும் குற்றமாகக் கருதப்பட்டன. செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பிலும் இவ்வறிவைக் காணலாம். நாற்புறமும் சரிந்த ஓட்டுக்கூரை மழைநீரை வளவின் நடுமுற்றத்தில் இறக்கும். அங்கிருந்து அது கிணற்றுக்கோ ஊருணிக்கோ செல்லும். தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் வெம்மையைத் தணிக்கும். ஊக்கம் குன்றிய மக்களால் ஆகக்கூடிய செயல்களா இவை?

வறண்ட நிலம் மற்றொன்றையும் தந்தது. அதுவே பிரிவு. பொருள்வயிற் பிரிதல் அகப்பாடல்களில் பாலையோடு இணைந்து வருவது. நகரத்தார் அதனைக் ‘கொண்டு விற்கப் போதல்’ என்றனர். மேலாளாகவும் அடுத்தாளாகவும் பெட்டியடிப் பையனாகவும் மூன்றாண்டுக் கணக்கிற்குக் கப்பலேறினர். அவர்கள் மிகுதியாகச் சென்ற நாடு பர்மா.

1852இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைக் கைப்பற்றினர். சுந்தரி மர இனத்ததும் பர்மியர் கனசோ என்று அழைப்பதுமான மரங்கள் அடர்ந்த சதுப்புக்காடாக அப்போது ஐராவதிப் படுகையின் பெரும்பகுதி கிடந்தது. சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டபின் ஐரோப்பியச் சந்தை நெருங்கிவந்தது, அரிசி பொன்னாயிற்று. மேல் பர்மாவிலிருந்து இறங்கிவந்த உழவர், மலேரியாவுக்கும் வெள்ளத்துக்கும் இடையே காட்டை வெட்டிக் கழனியாக்கினர். 1852இல் சுமார் எட்டு இலட்சம் ஏக்கராக இருந்த நெல் நிலம், 1930ஆம் ஆண்டையொட்டிப் பத்து மடங்கை எட்டியது. உழவருக்கு வேண்டிய முதலை ஆங்கில வங்கிகள் நேரடியாகத் தரவில்லை. தந்தவை செட்டிநாட்டுக் கடைகள். 1930ஐ ஒட்டிய வங்கி விசாரணைக் குழு, பர்மாவில் அவர்கள் ஈடுபடுத்திய தொகையைச் சுமார் 75 கோடி ரூபாய் என மதிப்பிட்டது.

தண்ணீரைத் துளித்துளியாகச் சேர்க்கக் கற்ற மக்களின் செல்வம், தண்ணீர் மிகுந்த நாட்டின் காட்டைக் கழனியாக்கியது. அந்நாட்டுத் தேக்கு இங்கே வளவுத் தூண்களாக நின்றது. அத்தேக்கின் பின்னும் ஒரு வரலாறு உண்டு. பம்பாய் பர்மா வணிகக் கழகத்திற்கும் தீபோ மன்னருக்கும் தேக்கு குறித்து எழுந்த வழக்கே 1885ஆம் ஆண்டுப் போருக்கு வாயிலாயிற்று. அதற்கு முன்பே, 1856இல், பெகு தேக்குக் காடுகளின் பொறுப்பை ஏற்ற டீட்ரிக் பிராண்டிஸ், பின்னர் இந்தியா முழுமைக்கும் முதல் வனத்துறைத் தலைவரானார். வனத்தைக் கணக்கிட்டுக் காக்கும் முறை அவரால் வளர்ந்தது. வனம் அரசின் சொத்து என்னும் கருத்தும் உடன் வளர்ந்தது.

1930இல் உலகப் பொருளாதார வீழ்ச்சி நெல் விலையைச் சாய்த்தது. கடன் திரும்பவில்லை, அடகு நிலங்கள் கடன் தந்தோர் கைக்கு வந்தன. முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலவுடைமை, சில ஆண்டுகளில் 25 பங்காயிற்று. அவர்கள் விரும்பியது நிலத்தையன்று, பணத்தையே. ஆயினும் காட்டை வெட்டிய பர்மிய உழவன் தன் நிலத்தில் தானே குத்தகையாளாக நின்றான். அவன் கண்ணுக்குத் தெரிந்தவர் கடைக்காரரே. உலகச் சந்தையையோ அதனை நடத்திய பேரரசையோ அவன் கண்டதில்லை.

1942இல் ஜப்பானியர் படையெடுப்பால் இலட்சக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். அக்கொடுவழியை நடந்து கடந்த வெ. சாமிநாத சர்மா அதனை நூலாக எழுதினார். 1948ஆம் ஆண்டு நிலச் சட்டமும் 1960களின் நாட்டுடைமை நடவடிக்கைகளும் எஞ்சியதைக் கொண்டுசென்றன. சிங்கம்புணரியிற் பிறந்து சுமத்திராவின் மேடான் நகரில் வாழ்ந்த ப. சிங்காரம், ‘புயலிலே ஒரு தோணி’யில் கடல் கடந்த தமிழர் வாழ்வைப் படைத்தார்; அந்நாவல் 1972இல் வெளிவந்தது. இழந்தவரின் துயரைத் தமிழ் எழுதியிருக்கிறது. நிலம் இழந்த ஐராவதி உழவனின் துயரை அது எழுதியது குறைவே. அவ்வுழவனையும் ஏற்றுக்கொள்ளும்போதே இவ்வட்டாரத்தின் வரலாறு முழுமை பெறும்.

அப்படுகையின் கதை அத்துடன் முடியவில்லை. கடலோரத்தில் எஞ்சியிருந்த சதுப்புக்காடுகளும் நெல்லுக்கும் விறகுக்கும் இறால் பண்ணைக்கும் இரையாயின. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் வீசியபோது, கடல்நீரைத் தணிக்கப் போதிய காடு அங்கில்லை. இறந்தோரும் காணாமற் போனோரும் ஓர் இலட்சத்து முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர். புயல் இயற்கையின் செயல். அதனைப் பேரழிவாக்கியதில் மனிதர் கையும் உண்டு.

இங்கோ, வளவுத் தூண்கள் பல வீடுகளில் பெயர்த்து விற்கப்பட்டன. ஊருணிகள் பலவற்றுக்கு நீர் கொணர்ந்த வரத்துக்கால்கள் தூர்ந்தன. ஆழ்துளைக் கிணறு வந்தபின் ஊருணி மறக்கப்பட்டது. மழை குறைந்துவிட்டதென்று வானத்தைப் பழிப்பது எளிது. வந்த மழைக்கு வழி விடப்பட்டதா என்று கேட்பதே முறை.

ஒரு நிலத்தின் மழையும் மண்ணும் மக்கள் முன் வினாக்களை வைக்கின்றன. விடை சொல்வோர் மக்கள். அவ்விடையை வளைப்பது யார் கையில் ஆட்சியும் சந்தையும் உள்ளன என்பது. காளையார்கோயிற் காடும் கனசோக் காடும் இவ்வுண்மையையே உரைக்கின்றன. வற்றாத ஆறு இல்லாத இந்நிலத்தில் முன்னோர் சொன்ன விடை ஊருணி. ஊருக்கொரு வரத்துக்காலேனும் வரும் மழைக்கு முன் தூர்வாரப்படுமானால், முதற்பொருளைப் பற்றிப் பேசிய இந்த அவைக்கு அதுவே பயன்.