சிரசே பிரதானம்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நம் முன்னோர் வாக்கு. அச்சிரசை வீதியிலே காக்கும் வழியை இராணுவ வைத்தியர் ஒருவர் கணக்கெடுத்துக் காட்டிய வரலாற்றை இன்று கூற விரும்புகிறோம்.

1935ஆம் ஆண்டு மே மாதத்தில், அரேபியாவின் லோறன்ஸ் எனப் புகழ்பெற்றவர் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டார். ஆறு நாட்களின் பின் இறந்தார். அவரைப் பார்வையிட்ட வைத்தியருள் ஒருவர், அவுஸ்திரேலியாவிற் பிறந்த மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹியூ கெயர்ன்ஸ்.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஒக்ஸ்போர்டிலே தலைக்காயமுற்ற படையினருக்கென ஓர் ஆஸ்பத்திரி இயங்கியது. அதனை அமைத்தவர் கெயர்ன்ஸ். செய்தி கொண்டு செல்லும் மோட்டார் சைக்கிள் வீரர் பலர், எதிரியின் குண்டாலன்றி வீதி விபத்தால் மடிவதை அவர் கண்டார். யுத்தத்தின் முதல் 21 மாதங்களில் பிரித்தானிய வீதிகளில் மோட்டார் சைக்கிளிற் சென்றோர் 2,279 பேர் மாண்டனர். தலைக்கவசத்துடன் காயமுற்றோராக அவர் கண்டவர் ஏழு பேரே. அவருள் ஒருவரும் இறக்கவில்லை. ஏழு சிறு தொகைதான். எனினும் 1941இல் அதனை எழுதி வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பரில் இராணுவம் கவசத்தைக் கட்டாயமாக்கியது. பின்னர் சாவு குறைந்து வந்ததை 1946இல் மீண்டும் கணக்கிட்டுக் காட்டினார்.

மண்டை உடையாமலே மூளை சேதமுறுவது எப்படி? ஒக்ஸ்போர்டிலிருந்த பௌதிக அறிஞர் ஹோல்பேர்ன், ஜெலற்றினால் மூளை மாதிரி செய்து ஆராய்ந்து 1943இல் விளக்கினார். நீர் நிறைந்த செம்பைச் சட்டெனத் திருப்பினாற் செம்பு திரும்பும். நீர் உடனே திரும்பாது. அவ்வாறே தலை திடீரெனச் சுழலும்போது மூளை பின்தங்கி, உள்ளே இழுபட்டுக் கிழிகிறது. ஆகவே விழுந்தெழுந்த நண்பன் தடுமாறினால், வாந்தியெடுத்தால், வெளிக்காயம் இல்லையென்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள். உடனே வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

பிரித்தானியாவிற் பொதுமக்களுக்குக் கவசச் சட்டம் வந்ததோ 1973இல். கெயர்ன்ஸ் 1952இலேயே காலமாகிவிட்டார். உண்மை தெரிந்த பின்னும் அது சட்டமாக 32 ஆண்டுகள் சென்றன. இடையில் வீணாய்ப் போன உயிர்களை யார் மீட்டுத் தருவார்?

நம்மிடம் சட்டமும் உண்டு, கவசமும் உண்டு. ஆயினும் கவசத்தைக் கைப்பிடியிலே தொங்கவிட்டு, பொலிஸாரைக் கண்டதும் தலையில் ஏற்றும் வாலிபரை நாளும் காண்கிறோம். இளைஞர்களே, கவசம் பொலிஸாருக்காக அன்று. வீட்டுவாசலிலே நம் வரவைப் பார்த்திருக்கும் தாய்க்காக. பெரியோர்களே, பிள்ளைக்கு வண்டி வாங்கிக் கொடுக்கும் நாளிலேயே நல்ல கவசமும் வாங்கிக் கொடுங்கள்.