செருப்பும் சோம்பலும்

(திருச்சுழியில் இளைஞர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கியில் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறவன் நான். போன மாசம் கறவைமாட்டுக் கடன் கேட்டு வந்த அக்கா ஒருத்தர் பெஞ்சிலேயே தூங்கிப் போனார். எழுப்பினால் வெளுத்த கண்ணோடு முழிக்கிறார். 'இந்தச் சனமே இப்படித்தான், சோம்பேறிக. கடனை எங்க கட்டப் போகுது' என்றார் பக்கத்து சீட்டுக்காரர். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த வெட்கம்தான் இன்றைக்கு என்னைப் பேச வைக்கிறது.

ஆளை அசத்திப்போடுகிற தொற்று ஒன்று நம்ம காலடியிலேயே இருக்கு: கொக்கிப்புழு. மலத்தோடு விழும் முட்டை ஈரமண்ணில் பொரிக்கும். புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும். குடலைக் கவ்வி வருசக்கணக்கில் ரத்தம் குடிக்கும். ரத்தம் சுண்டினால் மூச்சிரைக்கும், கண் சொருகும், கை ஓடாது. அக்காவுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. ரத்தசோகைக்கு அரைவயிற்றுக் கஞ்சியும் காரணம்தான்.

கரிசல் வெயிலில் இந்தப் புழு காய்ந்து செத்துப்போகும். ஆனால் மழைக்குப் பிறகு கண்மாய்க்கரை நிழலில், கருவேலம் புதருக்குள் உயிரோடிருக்கும். நாம் வெளிக்குப் போகிற இடமும் அதுதானே!

அமெரிக்கத் தென்மாநில ஏழைகளின் மந்தத்துக்கு இந்தப் புழுவே காரணம் என்று 1902-இல் சார்லஸ் ஸ்டைல்ஸ் சொன்னபோது, பத்திரிகைகள் 'சோம்பல் கிருமி' என்று கேலி பேசின. நம்ம சீமையிலிருந்து தேயிலைக்குப் போன இலங்கையில் 1916-இல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தார் புழு ஒழிப்பைத் தொடங்கினார்கள். துரைமாருக்குக் கூலியின் உழைப்பு வேண்டியிருந்தது. அதனால் மருந்து கிடைத்தது.

இங்கே வெறுங்காலை விதித்தது யார்? ஊர்த்தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிய தாத்தாமார் நமக்கு உண்டு. செருப்புப் போடாதே என்ற வாயேதான் சோம்பேறி என்றும் சொல்லுது. பழைய கதை என்பீர்களா? பொது இடத்தில் செருப்பு அணிவதைத் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் எழுத வேண்டியிருந்ததே!

2015 முதல் குடற்புழு நீக்க நாளில் பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். வாங்கிக் கொடுங்கள். ஆனால் வெறுங்காலோடு அதே புதருக்குப் போனால் புழு திரும்ப ஏறும். ஆகவே தண்ணீர் வருகிற கழிப்பறையைக் கேளுங்கள். செருப்பைக் கழற்றாதீர்கள். அம்மாக்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

எவனாவது சோம்பேறி என்றால், 'அவங்க ஒடம்புல ரத்தம் எவ்வளவு இருக்குன்னு பாத்தியா?' என்று கேளுங்கள். அன்றைக்கு நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.